ஏழாம் பேட்ச் உங்களிடம் ஏன் கீச்சிடுகிறது

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். பெயர் நிலானி. புதிதாகத் தொடங்கிய ஓர் இசைக்குழுவில் எலக்ட்ரிக் வயலின் வாசிக்கிறவர். சுகம் விசாரித்து முடிந்ததும் நேரே விசயத்துக்கு வந்தார். எங்கள் கரையில் முஸ்லிம் ஆண்களில் மூத்தவரை அண்ணன் என்பதற்குப் பதில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, தவராசா மாஸ்டரிட்டக் கேட்டு அவர்ர எஃபெக்ட்ஸ் பெட்டியில இரிந்த ஏழாம் பேட்ச எங்கட பெட்டியில போட்டுப் பாத்தம். அதே பெட்டி, அதே மாதிரி வயலின். ஆனா தகரம் அறுக்கிற மாதிரிச் சத்தம் வருது. நீங்க என்னத்தையோ மறைக்கிறீங்க."

"ஓம் புள்ள, மறைச்சதுதான்" என்றேன்.

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் பகிடி விடவில்லை. ஆனால் மறைத்தது என்ன என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க ஏலாது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுதுவதற்கு முன்பு மாஸ்டரிடம் உத்தரவு கேட்டேன். "எழுதுங்க, ஆனா என்னையப் பாவம் எண்டு எழுதிப்போடாதீங்க" என்றார். அவர் பாவமும் இல்லை. பாவம் யார் என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

முப்பத்தைந்து வருடம் மிக்சருக்குப் பின்னால் இருந்தவன் நான். கிழக்கிலங்கையில் சாய்ந்தமருதில் பிறந்து, கல்முனையில் வானொலி திருத்தும் கடையில் ஈயம் உருக்கிப் பழகி, கல்யாண வீடுகளுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அப்படியே தவராசா மாஸ்டரின் இசைக்குழுவுக்குச் சவுண்ட் பார்க்கப் போனேன். அந்தப் பழகிய காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இரண்டு தரம் மின்சாரம் அடித்தது. ஈரக் காலோடு வயரைத் தொடக்கூடாது என்பதை இரண்டாவது தரம்தான் விளங்கிக்கொண்டேன்.

மாஸ்டர் விநாயகபுரத்துக்காரர். தகப்பன் கடலுக்குப் போனவர், மகன் வயலினுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்துக்கொண்டே இசைக்குழுவை நடத்தினார். அவர் ஆரையும் ஏசி நான் கேட்டதில்லை. பிழை வந்தால் வாசிப்பதை நிறுத்துவார், வில்லைத் தந்தியில் இருந்து ஒரு விரல்கடை உயர்த்திப் பிடித்தபடி சும்மா நிற்பார். பிழை விட்டவன் தானே கண்டுபிடித்துத் திருத்தும்வரை வில் இறங்காது. ஒரு தரம் ட்ரம்ஸ்காரர் கண்டுபிடிக்க நெடுநேரம் எடுத்தார். மாஸ்டரின் கை நடுங்கவே இல்லை. ஏசியிருந்தால் நாங்கள் தப்பியிருப்போம்.

பெட்டி வந்தது ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு. மாஸ்டரின் மருமகன் வெளிநாட்டில் இருந்து வரும்போது கொண்டுவந்தார். தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி. உள்ளே கம்ப்யூட்டர். உலகத்தில் உள்ள அம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், எதிரொலி எல்லாவற்றையும் அது நடித்துக் காட்டும். நமக்குப் பிடித்த மாதிரி அமைத்து ஓர் இலக்கம் கொடுத்து நினைவில் வைத்தால் அதுதான் பேட்ச். ஒரே ஒரு குறை, அதைச் செய்தவர்கள் கிட்டாரை நினைத்துச் செய்திருந்தார்கள். கம்பனி போட்டு அனுப்பிய சத்தம் ஒவ்வொன்றிலும் மாஸ்டர் ஒரு வரி வாசித்துப் பார்த்தார். அரை நாள் போனது. "இதுக்குள்ள வயலினே இல்ல காக்கா" என்றார்.

பள்ளிக்கூட விடுமுறையில் மண்டபத்தைத் திறந்து மூன்று கிழமை இருந்தோம். முதல் வேலையாகப் பெட்டிக்குள் இருந்த பொய் அம்ப்ளிஃபயரையும் பொய் ஸ்பீக்கரையும் அணைத்தோம். எலக்ட்ரிக் வயலினில் தந்தியைத் தாங்குகிற குதிரைக்குள், அதிர்வை மின்சாரமாக்குகிற ஒரு சின்னப் பிக்கப் இருக்கிறது. அதில் இருந்து வருகிற மின்சாரம் மெலிந்தது. பெட்டி அதை உள்வாங்குகிற அமைப்புப் பொருந்தாவிட்டால் அடிச்சத்தம் முழுக்க வழியிலேயே தொலைந்து, மூக்கால் பாடுகிற சத்தம் மட்டும் மிஞ்சும். அதைச் சரிப்படுத்தினோம். பிறகு ஒரு மர வயலினின் உடம்பு எப்படி அதிர்கிறது என்று பதிந்த கோப்பு ஒன்றை ஏற்றினோம். மாஸ்டர் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

அதற்கும் பிறகு கரைச்சல் முடியவில்லை. இரைச்சலை அடைக்க ஒரு கதவு மாதிரி அமைப்பு அதில் உண்டு. சத்தம் குறைந்தால் அது தானாக மூடிக்கொள்ளும். மாஸ்டர் ஒரு சுரத்தில் வழுக்கி மெல்ல மெல்ல இறங்கி வருவார், இறங்கி முடிய முதல் அது படாரென்று மூடிவிடும். "வில் நிக்க முதல் சுரம் மவுத்தாப் போகுது, உங்கட பாசையில சொன்னா" என்றார். அதாவது செத்துப்போகிறதாம். அதைக் கழற்றினோம். சத்தத்தை ஒரே மட்டமாக்குகிற அமைப்பைப் போட்டால் வில்லை அழுத்தினாலும் விட்டாலும் ஒன்றுதான். அதையும் கழற்றினோம். கூடவே இன்னொரு சுரம் சேர்க்கிற வித்தை, கமகம் வந்தவுடன் எந்தச் சுரத்துக்குத் துணை போவது என்று தெரியாமல் தடுமாறியது. அதுவும் போனது. கடைசியில் உடம்பின் கோப்பும், ஏற்ற இறக்கம் பார்க்கிற ஈக்வலைசரும், சின்ன மண்டபத்தின் எதிரொலி கொஞ்சமும்தான் மிஞ்சின. நிலானி, இந்தப் பகுதியை மட்டும் நீங்கள் அப்படியே பின்பற்றலாம்.

வேலை முடிந்த அன்று மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார்.

"காக்கா, இனி மிக்சர்ல என்ட வயலின் வாற சேனல் நேரா இரிக்கோணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். சத்தம் பெரிசா சின்னதா எண்டதப் பாருங்க, காணும். நிறம் என்ட காலடியில."

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு என் மேசைக்கு வந்து, அந்தச் சேனலின் நிறம் மாற்றுகிற திருகாணிகள் எல்லாம் நடுவில் நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் மேடைக்கு ஏறுவார். இதில் எனக்கு முதலில் கொஞ்சம் ரோசம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

வருடத்துக்கு ஒரு தரம், திருவிழாக் காலம் தொடங்க முன்பு, அவர் பேட்சைப் புதிதாகத் தீட்டுவார். பழையதை அழிக்கமாட்டார், அடுத்த இலக்கத்தில் போடுவார். அப்படித்தான் ஏழாம் இலக்கம்வரை வந்தது. நாலாம் இலக்கத்தில் எனக்குச் சத்தம் கொஞ்சம் கூராகத் தெரிந்தது. ஐந்தாவது இன்னும் கூர். நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"மாஸ்டர், மேல கொஞ்சம் கீச்சிடுதோ?"

"இல்லியே. எனக்கு மந்தமாத்தான் இரிக்கி."

பெட்டி பழுதானால் எல்லாம் போய்விடும் என்று ஒரு நாள் பேட்சுகளை என் மடிக்கணினிக்குப் பிரதி எடுத்தேன். திரையில் ஒவ்வொன்றின் ஈக்வலைசர் கோட்டையும் திறந்து பார்த்தேன். வில் தந்தியில் உரசுகிற அந்தக் கூரான பகுதி ஒன்றாம் இலக்கத்தில் கிட்டத்தட்ட நேராக இருந்தது. மூன்றில் சின்ன மேடு. நாலில் மேடு வளர்ந்தது. அப்போது புதிதாகத் தீட்டியிருந்த ஐந்தாம் இலக்கத்தில் அது திரையின் உச்சியை நெருங்கி நின்றது. அவர் வருடா வருடம் கூட்டியது வயலினை அல்ல. காதுக்குக் கூர் கேட்பது குறையக் குறைய அதற்கு ஈடாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மடிக்கணினியை மூடினேன். அழுகை வந்தது, எழுத வெட்கமில்லை.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் மனம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது பேர் அவர் பெயரில் மேடை ஏறுகிறோம் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மைதான். ஆனால் செய்தது இதுதான்: அவர் திருகாணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேடைக்குப் போனதும், அவர் எவ்வளவு கூட்டியிருந்தாரோ அவ்வளவையும் நான் மிக்சரில் குறைத்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வருவதற்குள் திருகாணியை நடுவுக்குத் திருப்பி வைத்தேன். சனம் வந்து "மாஸ்டர்ட வயலின் தேன்" என்று சொல்லும்போது, அதில் பாதி என் கை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று வருடம் இப்படிப் போனது.

பிடிபட்டது கல்முனையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவில். பின்னேர நிகழ்ச்சி. விளையாட்டு மைதானத்தில் கொட்டகை போட்டு, முன்னால் பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகளை இருத்தியிருந்தார்கள். எங்கள் பழைய மிக்சர் பழுதாகி, அன்றுதான் முதன்முதலாக டிஜிட்டல் மிக்சர் கொண்டுபோயிருந்தோம். அதில் எல்லாத் திருகாணிகளின் நிலையையும் மொத்தமாக நினைவில் வைத்து, ஒரு பொத்தானில் திரும்ப எடுக்கலாம்.

எங்கள் பக்கத்தில் மேடைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு கேட்டால் இசை நிற்கும். ஆரும் எழுதிவைத்த சட்டம் அல்ல. மாஸ்டர் பாங்கின் முதல் சொல்லிலேயே வில்லை எடுத்துவிடுவார், பாட்டு நடுவில் நின்றாலும் சரி. கோயில் மேடையானாலும் அப்படித்தான். மைக்குகளை அடைப்பது என் வேலை. புது மிக்சருக்கு நான் கெட்டித்தனமாக இரண்டு பொத்தான் வைத்தேன். ஒன்றை அமத்தினால் எல்லாம் அமைதி. மற்றதை அமத்தினால் நிகழ்ச்சி பழையபடி வரும்.

இதில் விட்ட பிழையை எங்கள் கரையில் சவுண்ட் பார்க்கிறவனைத் தவிர வேறு ஒருவன் விட ஏலாது. நிகழ்ச்சிக்கான பொத்தானை நான் நினைவில் வைத்தது மத்தியானம், மாஸ்டர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. அவருக்குக் காட்ட வேண்டியதால் வயலின் சேனல் நேராக இருந்தது. அவர் மேடைக்குப் போன பிறகுதான் என் திருட்டு வேலையைச் செய்தேன். அதை நினைவில் வைக்க மறந்தேன்.

பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொன்னார்கள். மாஸ்டர் வில்லை எடுத்தார். நான் பொத்தானை அமத்தினேன். மைதானம் அமைதியானது. பாங்கு முடிந்தது, மற்றப் பொத்தானை அமத்தினேன். மாஸ்டர் கல்யாணியில் மேல் ஸ்தாயிக்கு ஏறினார். மத்தியானத்து நேர்கோடு திரும்பி வந்துவிட்டது, அவர் கூட்டி வைத்த கூர் முழுக்க ஸ்பீக்கரால் வெளியே வந்தது. எனக்குப் பல் கூசியது. எந்தத் திருகாணி எங்கே என்று புதுத் திரையில் தேடிக்கொண்டிருந்தேன்.

மாஸ்டருக்கு அந்தக் கீச்சு கேட்கவில்லை. அவர் கண்டார். பாயில் இருந்த சின்னப் பிள்ளைகள் வரிசையாக இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர்கள் மரியாதைக்குச் சும்மா இருந்தார்கள், பிள்ளைகளுக்கு அது தெரியாது. மாஸ்டர் வில்லை ஒரு விரல்கடை உயர்த்தினார். பிள்ளைகள் கையை எடுத்தார்கள். வில்லை வைத்து வாசித்தார். திரும்பப் பொத்தினார்கள். வில்லை எடுத்தார். பிறகு நேரே என்னைப் பார்த்தார்.

அதற்குள் நான் குறைத்துவிட்டேன். அவர் மிச்சத்தையும் வாசித்து முடித்தார். பிழை இல்லாமல்தான் வாசித்தார்.

வயர் சுற்றும் நேரத்தில் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"எத்தின வருசம் காக்கா?"

"மூணு வருசம் மாஸ்டர்."

"காது எண்டு உங்களுக்கு விளங்கினதா?"

"ஓம்."

"சொல்லல்ல."

"சொல்ல மனம் வரல்ல."

"அப்ப மூணு வருசமா சனம் கேட்டது ஆர்ர வயலின்?"

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனார். ஒரு மாதத்துக்கு மேல் அவரிடம் இருந்து ஒரு கதையும் இல்லை. ஒப்புக்கொண்ட இரண்டு நிகழ்ச்சிகளுக்கு வேறு வயலின்காரரை அனுப்பினார். அவர் இனி வாசிக்கவே மாட்டார் என்று குழுவில் கதைத்துக்கொண்டார்கள். என் வாயால் ஒரு வார்த்தை சொல்லாததால் ஒரு மனிதரின் வயலின் நின்றுவிட்டது என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் என் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. மாஸ்டர் இறங்கினார்.

"உடுப்ப மாத்துங்க. காது பாக்கிற இடத்துக்குப் போவம். தனியப் போக எனக்கு ஏலா."

கல்முனையில் காது சோதிக்கிற நிலையம் ஒன்றுக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் அவரை இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். வெகுநேரம் அவர் விரல் அசையவில்லை. அறைக்குள் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சோதித்த பெண் கடைசியில் ஒரு தாளைத் தந்தார். கோடு நேராகப் போய், கூரான இடத்தில் கிடுகிடுவென்று கீழே விழுந்திருந்தது. ஏழாம் பேட்சின் மேட்டைத் தலைகீழாகப் பிடித்தால் அதேதான். மாஸ்டரும் அதைக் கண்டுபிடித்தார்.

"என்ட காதுக்கு நான் சரியாத்தான் தீட்டியிரிக்கன் காக்கா" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு அங்கேயே வைத்துச் சொன்னார்: "நான் வாசிப்பன். இனி நீங்க கை வையுங்க. ஆனா எங்க வைச்சீங்க, எவ்வளவு வைச்சீங்க எண்டு எனக்கு முன்னுக்குச் சொல்லோணும். ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும் ஒரு வரி வாசிச்சிட்டு உங்களப் பாப்பன். நீங்க தலையாட்டினாத்தான் மற்ற வரி."

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்தச் சந்தோசத்தில்தான், "நீங்களும் இரிந்து பாருங்களன் ஐயா, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில வேலை செய்யிற ஆள்தானே" என்று அந்தப் பெண் சொன்னபோது சிரித்துக்கொண்டே கண்ணாடி அறைக்குள் போனேன்.

என் தாளிலும் கோடு விழுந்திருந்தது. மாஸ்டருடையது அளவுக்கு இல்லை. ஆனால் விழுந்துதான் இருந்தது. மாஸ்டர் பார்க்க முதல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். இவ்வளவு பட்ட பிறகும் கை போன போக்கைப் பாருங்கள்.

அன்று பின்னேரமே ஜௌபரிடம் போனேன். ஜௌபர் எங்கள் குழுவில் அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டிகளும் பார்க்கிறவன். நாற்பது வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன். இருபது வருடம் என்னோடு வேலை செய்தவன். தாளைக் காட்டினேன். அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குக் குத்தியது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் காக்கா."

"எப்பிடி?"

"ரெண்டு வருசமா நீங்க வைக்கிற சத்தம் எல்லாமே மேல கொஞ்சம் கூர். பாட்டுக்காரர்ட மைக்கும் அப்பிடித்தான். நான் மேடைக்குப் பக்கத்தில அம்ப்ளிஃபயர்ல வைச்சுக் கூர் ஸ்பீக்கரக் கொஞ்சம் குறைச்சு விடுவன். நீங்க வர முதல் திருப்பி வைச்சிருவன்."

மாஸ்டரின் காதுக்கு நான் ஈடு செய்தேன். என் காதுக்கு ஜௌபர் ஈடு செய்திருக்கிறான். சனம் தேன் என்று சொன்னபோது நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டது வேறு ஒருவனின் கைக்கு. ஏசத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏன்டா என்னட்டச் சொல்லல்ல?"

"நீங்க மாஸ்டருக்குச் சொன்னீங்களா காக்கா?"

அவன் அதை எதிர்த்துக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அன்று மாலையே மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாளை ஒளித்ததையும் சொன்னேன். தலையாட்டுகிற வேலைக்கு நான் தகுதி இல்லை, ஜௌபர் ஆட்டட்டும், நான் ஒதுங்குகிறேன் என்றேன். மாஸ்டர் சிரிக்கத் தொடங்கி நிறுத்த ஏலாமல் இருமினார்.

"ஒதுங்குறதெண்டா ஒதுங்குங்க. மிக்சர ஜௌபரிட்டக் குடுங்க. ஆனா தலையாட்டுறது நீங்கதான் காக்கா. முப்பது வருசமா உங்கட மூஞ்சியப் பாத்துத்தான் நான் வாசிக்கிறன். நீங்க ஆரக் கேட்டு ஆட்டுறீங்க எண்டது உங்கட பாடு."

நிலானி, ஏழாம் பேட்ச் உங்களிடம் கீச்சிடுவதற்கு இதுதான் காரணம். அது தனிப் பேட்ச் அல்ல. ஒரு துண்டு மாஸ்டரின் காலடியில், ஒரு துண்டு என் மேசையில், ஒரு துண்டு ஜௌபரின் அம்ப்ளிஃபயரில். நீங்கள் எடுத்தது ஒரு துண்டை மட்டும். அதை அழித்துவிட்டு ஒன்றாம் இலக்கத்தை எடுங்கள், அப்போது அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. பிறகு உங்கள் காதுக்குத் தீட்டுங்கள். தீட்டிய பிறகு, பொய் சொல்லாத ஆள் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு வந்த முதல் நிகழ்ச்சி ஒலுவில் பக்கத்தில், பகலில், ஒரு மண்டபத்தில். மிக்சரில் ஜௌபர் இருந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன், கையில் வேலை ஒன்றும் இல்லாமல். மாஸ்டர் முதல் வரியை வாசித்தார். வில்லை ஒரு விரல்கடை உயர்த்திப் பிடித்து என்னைப் பார்த்தார்.

எனக்கு நல்லாத்தான் கேட்டது. நல்லாக் கேட்டது என்பதை இனி நான் நம்ப ஏலாது. மண்டபம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. நான் ஜௌபரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தலையாட்டவில்லை. மிக்சர் திரையில் ஒரு கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினான், காதைச் சாய்த்துக் கேட்டான், திரும்பவும் ஒரு சின்ன அளவு இறக்கினான். மேடையில் வில் அசையாமல் நின்றது. பிறகு ஜௌபர் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நான் மாஸ்டரைப் பார்த்துத் தலையாட்டினேன். வில் இறங்கியது.